அவன் பச்சையில் இருந்தான்

எங்கள் அலுவலகத்துக்கு அந்தப் பச்சைப் புள்ளியைக் கொண்டுவந்தவன் நான். நடந்ததை எழுத உட்காரும்போதெல்லாம் இந்த வாக்கியத்தைத்தான் முதலில் எழுதுகிறேன். அதற்கு மேல் நகர முடியாமல் தாளை மடித்து வைத்துவிடுவேன். எனக்கும் வயதாகிவிட்டது. இந்த முறை முடித்துவிட வேண்டும்.

எங்கள் நிறுவனம் கிள்ளானில், துறைமுகத்துக்குப் போகும் சாலையோரக் கடைவரிசையின் மாடியில் இருந்தது. கப்பலில் வரும் கன்டெய்னர்களைச் சுங்கத்தில் விடுவித்து, லோரி பிடித்து, தொழிற்சாலைகளுக்கும் கிடங்குகளுக்கும் அனுப்பிவைப்பது வேலை. நான் அங்கே மேலாளர். பிரிக்பீல்ட்சில் வளர்ந்தவன், பட்டம் பெற்றவன், அரசாங்க உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்துக் குடும்பம். எனக்குக் கீழே வேலை பார்த்த நண்பன் செந்தூல்காரன். அவனுடைய அப்பா அங்கே ரயில்வே பட்டறையில் இருந்தவர்.

"உங்க வீட்டுல எல்லாரும் பேனா புடிச்சவங்க, எங்க வீட்டுல எல்லாரும் ஸ்பேனர் புடிச்சவங்க. இப்ப ரெண்டு பேரும் ஒரே கன்டெய்னரைப் புடிச்சுத் தொங்குறோம்" என்பான்.

அலுவலகத்தில் என்னைப் 'பாஸ்' என்று கூப்பிடுவான். ரயிலில் 'அண்ணே'. காலையில் அவன் செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி நிற்பான். நான் பிரிக்பீல்ட்சிலிருந்து நடந்து வருவேன். கிள்ளான் ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போவோம். அவன் மனைவி சீக்கிரமே இறந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. கிள்ளானில் ஓர் அக்கா மட்டும் இருந்தாள். தன் வீட்டுக்கு வந்துவிடும்படி அவள் பலமுறை கூப்பிட்டிருக்கிறாள். "அங்க போனா காலையில ரயில்ல யாரு உங்களுக்குப் பேச்சுத் துணை?" என்று என்னிடம் சிரிப்பான்.

அவன் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவனால் உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது. போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு அலுவலகம் முழுக்க நடப்பான். யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி "சாப்பிட்டாச்சா?" லோரி யார்டில் இருக்கும் சீனரிடமும், சுங்கத்தில் இருக்கும் மலாய்க்காரப் பெண்ணிடமும், தெலுக் பங்லிமா காராங் கிடங்கில் இருக்கும் அம்மாளிடமும் அதே கேள்வியை அவரவர் மொழியில் கேட்பான். பிறகுதான் கன்டெய்னர் வரும்.

அதை உயர்ந்த முறை என்று இப்போது சொல்ல மாட்டேன். யாரிடம் என்ன ஏற்பாடு செய்தான் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் விடுப்பில் போனால் நாங்கள் இருட்டில் தடவுவோம். ஒரு முறை, குளிரூட்டிய கன்டெய்னர் ஒன்றைப் பெருநாள் விடுமுறைக்கு முன்னால் எடுத்துவிடச் சொல்லி வந்த செய்தியைத் துண்டுச் சீட்டில் எழுதினான். சீட்டு அவனுடைய தே தாரிக் தேநீர்க் குவளையின் அடியில் ஒட்டிக்கொண்டது. விடுமுறை முடிந்து வந்து குவளையைக் கழுவத் தூக்கியபோதுதான் பார்த்தோம்.

"பாஸ், நான் எழுதி வச்சேன் லா. குவளைதான் சொல்ல மறந்துடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். வாடிக்கையாளர் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன்.

செய்தி, தொலைபேசி, லோரி எங்கே நிற்கிறது என்ற வரைபடம், சுங்கத்தின் பதில், வாடிக்கையாளரின் கேள்வி எல்லாவற்றையும் ஒரே திரையில் இணைக்கும் ஏற்பாடு அது. ஷா ஆலாமில் இருந்த தலைமை அலுவலகத்துக்குப் போய் நானே விளக்கிச் சொல்லி அனுமதி வாங்கினேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அது வேலை செய்தது. செய்திகள் தொலைவது நின்றது. ஒருவர் விடுப்பில் போனாலும் அவருடைய வேலையை அடுத்தவர் திரையில் பார்த்துத் தொடர முடிந்தது. அதே ஆட்களை வைத்துக்கொண்டு முன்பைவிட அதிகச் சரக்கைக் கையாண்டோம், வீட்டுக்கும் நேரத்தோடு போனோம். என்னுடைய துன்பத்தில் இதுவும் சேர்த்தி. அந்த ஏற்பாடு உதவாதது என்று எங்காவது எழுதிவிட முடிந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எழுத முடியாது.

அதில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி இருந்தது. கணினியைத் தொட்டுக்கொண்டிருந்தால் பச்சை. சிறிது நேரம் தொடாவிட்டால் மஞ்சள். என் நண்பன் எப்போதும் மஞ்சளில் இருந்தான். அலுவலகத்தில் அது யாருக்கும் பொருட்டாக இல்லை. மஞ்சளாக இருக்கிறவன் கண்ணுக்கு எதிரே போனில் பேசிக்கொண்டு நடந்துகொண்டிருந்தான்.

பிறகு நோய்த்தொற்று வந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தோம். துறைமுகம் நிற்கவில்லை. எங்கள் ஏற்பாடு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வாரமே நிறுவனம் படுத்திருக்கும். தலைமை அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள். நான் பிரிக்பீல்ட்சில் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, திரையில் வரிசையாக எரியும் பச்சைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் எல்லோரும் என் கைக்குள் இருப்பதுபோல் இருந்தது.

அந்த நாட்களில் அவன் காலையில் எனக்குப் போன் பண்ணுவான். ரயிலில் பேசும் நேரத்துக்கு.

"அண்ணே, உயிரோடதான் இருக்கேன்."

"சரிடா."

"நீங்க?"

"நானும்தான்."

"அப்ப ரெண்டு பேருக்கும் டிக்கெட் மிச்சம்."

பிறகு பேச்சு எங்கெங்கோ போகும். கீழ்மாடிச் சீனப் பாட்டி பால்கனியில் நின்று உடற்பயிற்சி செய்வது, பாசார் சந்தையில் தக்காளி கிடைக்காதது, அவனுக்கு இனிப்பு நீர் வியாதி ஏறியிருப்பது, மதியம் சாப்பிட்டதும் கால் வலித்துப் படுத்துவிடுவது. சில வாரங்கள் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு எனக்குக் காலைக் கூட்டங்கள் வந்தன. ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"தம்பி, காலையில போன் வேணாம்பா. எனக்கு மீட்டிங் இருக்கு. நீ உள்ள வந்தா பச்சையா காட்டும். அதைப் பார்த்தாலே எனக்குத் தெரிஞ்சிடும்."

"என்ன தெரியும்?"

"நீ இருக்கேன்னு."

"ஓகே லா பாஸ்" என்றான். ரயில் நேரத்தில் அவன் என்னைப் பாஸ் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் அதைக் கவனித்தேன், கவனித்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன்.

வீட்டிலிருந்து வேலை என்று ஆனதும் தலைமை அலுவலகத்தில் புள்ளியைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யார் எவ்வளவு நேரம் பச்சையில் இருந்தார் என்று வாரம் ஒருமுறை கணக்கு வரும். அவன் பெயர் எப்போதும் கடைசியில். இவர் உண்மையில் வேலை பார்க்கிறாரா என்று என்னைக் கேட்டார்கள். பார்க்கிறார், பெரும்பாலும் போனில் பார்க்கிறார், அவருடைய கன்டெய்னர்கள் எதுவும் தாமதமாகவில்லை என்று ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தால் போதும். நான் எழுதவில்லை. எழுதினால், நானே கொண்டுவந்த ஏற்பாட்டின் கணக்கு ஓர் ஆளைப் பற்றித் தவறாகச் சொல்கிறது என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதற்குப் பதிலாக அவனுக்குப் போன் பண்ணினேன்.

கணினி மவுசை ஓடுகிற கைக்கடிகாரத்தின் முகத்தின் மேல் வைத்தால், நொடிமுள் சுற்றுவதை மவுசின் அடியில் இருக்கும் வெளிச்சம் அசைவு என்று எடுத்துக்கொள்ளும், புள்ளி பச்சையிலேயே இருக்கும் என்று எங்கோ பார்த்திருந்தேன். நீண்ட காலச் சேவைக்காக எங்கள் இருவருக்கும் ஒரே விருந்தில் ஒரே மாதிரிக் கடிகாரம் கொடுத்திருந்தார்கள்.

"கம்பெனி குடுத்த வாட்ச் இருக்கா?"

"இருக்கு. பெட்டியோட இருக்கு. ஏன், திருப்பிக் கேக்குறாங்களா?"

"அதை எடுத்து மேசையில வை. அது மேல மவுசை வை. பச்சையா இருக்கும். நீ நடந்துக்கிட்டுப் பேசு, மத்தியானம் படுத்துக்க, என்னமோ செய். எனக்கு ரிப்போர்ட் சுத்தமா இருக்கணும்."

 மறுமுனையில் வெடித்துச் சிரித்தான்.

"இத்தனை வருஷம் கழிச்சு அந்த வாட்ச்சுக்கு இப்பதான் வேலை கிடைச்சிருக்கு. அண்ணே, நீங்க பெரிய ஆளு லா."

அடுத்த வாரத்துக் கணக்கில் அவன் நடுவில் வந்துவிட்டான். தலைமை அலுவலகத்தில் திருப்தி. நான் நல்ல காரியம் செய்ததாகவே நினைத்தேன். நண்பனைக் காப்பாற்றியதாகக்கூட நினைத்தேன்.

அது நடப்பதற்கு முதல் நாள், ஒரு வாடிக்கையாளருக்குச் செய்தி எழுதாமல் போனிலேயே எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டான். பதிவு இல்லை. எல்லோரும் பார்க்கும் குழுவில் அவனை நான் கண்டித்து எழுதினேன். இனிமேல் யாருக்கும் போன் செய்ய வேண்டாம், எல்லாவற்றையும் இங்கேயே எழுது, இது எத்தனையாவது தடவை என்று கேட்டேன். அவனைவிட மிகவும் இளையவர்கள் இருந்த குழு. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் போட்டான்.

மறுநாள் காலையில் குழுவில் வழக்கம்போல் 'காலை வணக்கம்' என்று எழுதினான். அதன் பிறகு ஒன்றும் எழுதவில்லை. நான் ஒரு கன்டெய்னரைப் பற்றிக் கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று திரை காட்டியது. புள்ளி பச்சையாக இருந்தது. கோபித்துக்கொண்டிருக்கிறான் என்று முடிவு செய்தேன். பச்சையில் உட்கார்ந்துகொண்டு வேண்டுமென்றே என் செய்தியைத் திறக்காமல் இருக்கிறான் என்று எனக்கும் கோபம் ஏறியது. 'நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிகிறது. பதில் சொல்வது மரியாதை' என்று எழுதினேன். அவனுக்கு நான் ஒருநாளும் 'நீங்கள்' போட்டதில்லை.

தேநீர் கொண்டுவந்த என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"ஒருக்கா அடிச்சுப் பாருங்கோவன்" என்றாள்.

"நான் ஏன் அடிக்கோணும்? நேற்றுத்தான் போன் வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறன்."

"சொன்னா என்ன? உங்கட சிநேகிதன்தானே."

நான் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.

மாலையில் அவனுடைய அக்கா கிள்ளானிலிருந்து போன் பண்ணினாள்.

"அண்ணே, தம்பி போன் எடுக்க மாட்டேங்குறான். மத்தியானத்துல இருந்து அடிக்கிறேன்."

"வேலையில இருக்கான் அக்கா. என் கம்ப்யூட்டர்ல காட்டுது. பச்சையா இருக்கான்."

"நல்லாத்தான் இருக்கானா?"

"நல்லா இருக்கான். என்கிட்ட கொஞ்சம் கோபம். அதான் யாரு போனையும் எடுக்கல போல."

"போலீஸ்ல அனுமதி லெட்டர் வாங்கிட்டு ஒரு நடை போய்ப் பார்த்துடலாமான்னு நினைச்சேன். பக்கத்து வீட்டுப் பையன் கார்ல கூட்டிட்டுப் போறேங்குறான்."

"எதுக்குக்கா? நோய் பரவுற நேரம். வீட்டுலயே இருங்க. நாளைக்கு நான் பேசச் சொல்றேன்."

"நீங்க சொன்னா சரிண்ணே" என்று வைத்துவிட்டாள். குரலில் நிம்மதி தெரிந்தது. நான் கொடுத்த நிம்மதி.

அடுத்த நாள் காலை நான் எழுந்து திரையைத் திறந்தபோது வேறு யாரும் உள்ளே வந்திருக்கவில்லை. எல்லாப் பெயர்களும் சாம்பல் நிறத்தில் இருந்தன. அவன் பெயர் மட்டும் பச்சை. பார், வெட்கப்பட்டு எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டான், திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். இப்படித்தான் நினைத்தேன். ஒரு மனிதன் இரவு முழுவதும் பச்சையாக இருக்க முடியாது என்பது எனக்குத் தோன்றவில்லை. கடிகாரம் நினைவுக்கே வரவில்லை. சொல்லிக்கொடுத்தவனே நான். அந்தப் பச்சை பொய்யாக இருக்கலாம் என்று எங்கள் நிறுவனத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்.

மதியத்துக்கு முன்னால் தெலுக் பங்லிமா காராங் கிடங்கிலிருந்து அந்த அம்மாள் எனக்கு நேராகப் போன் பண்ணினார்.

"பாஸ், உங்க ஆளு எங்க? நேத்துல இருந்து போனையும் எடுக்கல, மெசேஜும் இல்ல. என் லோரி வெளிய நிக்குது."

"இருக்காரும்மா, ஆன்லைன்லதான் இருக்காரு."

"ஆன்லைன்ல இருந்தா எனக்கென்ன லா? அவரு இப்படி என்னை விட்டதே இல்ல. நாலு மணிக்கு லோரி வருதுன்னா மூணு மணிக்கே போன் போட்டு சாப்பிட்டாச்சான்னு கேக்குற ஆளு."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நான் திரையைப் பார்த்தேன். பச்சை. அப்போதுதான் கண்ணாடிக்கு அடியில் சுற்றிக்கொண்டிருக்கும் நொடிமுள் எனக்குத் தெரிந்தது.

நிறுவனத்தின் அனுமதிக் கடிதத்தை எடுத்துக்கொண்டு காரில் செந்தூலுக்குப் போனேன். வழியில் போலீஸ் தடுப்பில் நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். "வேலை" என்றேன். பழக்கத்தில் வந்துவிட்டது.

அவன் குடியிருந்த அடுக்குமாடியில் கதவைத் தட்டினோம், நானும் காவலாளியும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "உள்ளதான் இருக்காரு அங்கிள், கம்ப்யூட்டர் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு" என்றார். அவரும் அதையே நம்பியிருந்தார். தீயணைக்கும் பொம்பாக்காரர்களைக் கூப்பிட்டோம், அவர்கள் இரும்புக் கிரில்லை வெட்டினார்கள்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் தரையில் கிடந்தான். கண்கள் திறந்திருந்தன. உயிர் இருந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. மேசையில் கணினி திறந்திருந்தது. மவுஸ் கடிகாரத்தின் மேல் இருந்தது. அந்த நேரம் பார்த்து யாரோ குழுவில் எதையோ எழுத, கணினி 'டிங்' என்றது. அவனுடைய கண் அந்தப் பக்கம் திரும்பியது.

அப்போதுதான் புரிந்தது. முந்தைய நாள் முழுவதும் நான் எழுதிய ஒவ்வொரு செய்திக்கும் அந்தச் சத்தம் வந்திருக்கிறது. அவன் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான். யார் எழுதுகிறார்கள் என்றும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இனி சொல்லப்போவதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. பொம்பாக்காரர்கள் அவனைத் தூக்குவதில் முனைந்திருந்தபோது, நான் மேசைப் பக்கம் போய் மவுசை நகர்த்திவிட்டுக் கடிகாரத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் பெயருக்குக் களங்கம் வரக் கூடாது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குக் களங்கம் வரக் கூடாது என்பதுதான் காரணம்.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர், "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?" என்று கேட்டார். பக்கவாதத்துக்கு அது முக்கியமான கேள்வியாம். அதை வைத்துத்தான் எந்த மருந்து இன்னும் கொடுக்கலாம் என்று முடிவு செய்வார்களாம். முந்தைய நாள் காலை என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "அதுக்கப்புறம் யாரும் அவரிடம் பேசலையா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

பேச்சு போய்விட்டது. வலது கையில் மட்டும் கொஞ்சம் அசைவு மிஞ்சியது. அக்கா அவனைக் கிள்ளானில் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள். அந்த வாரத்துக் கணக்கு வழக்கம்போல் மின்னஞ்சலில் வந்தது. பச்சையில் அதிக நேரம் இருந்தவர்களில் முதல் பெயர் அவனுடையது. நான் அதைத் திருத்தச் சொல்லவில்லை. ஓய்வு பெறும்வரை அதே திரையில்தான் வேலை பார்த்தேன். அலுவலகம் இன்றும் அதில்தான் நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது என்று கேள்விப்படுகிறேன்.

கட்டுப்பாடு தளர்ந்த பிறகு தினமும் காலையில், எங்கள் ரயில் நேரத்தில், அக்காவுக்குப் போன் பண்ணுவேன். அவள் அதை அவன் காதில் வைப்பாள். "தம்பி, நான்தான்பா. உயிரோடதான் இருக்கேன்" என்பேன். மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்கும். சில நிமிடம் எதையாவது பேசிவிட்டு வைப்பேன். வருடக்கணக்கில் இப்படிச் செய்தேன். இதுதான் என் பரிகாரம் என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொல்லாமல் செய்கிற பரிகாரம்.

போன வருடம் எனக்கு நெஞ்சு வலி வந்து படுத்து எழுந்தேன். இதற்கு மேல் ஒத்திப்போடக் கூடாது என்று கடிகாரத்தை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன். கேஎல் சென்ட்ரலில் ரயில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு மாணவன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கினான்.

அக்கா வாசலிலேயே வரவேற்றாள். காப்பி போட்டுக் கொடுத்தாள். அவன் உள்ளறையில் தூங்குவதாகச் சொன்னாள். நான் கடிகாரத்தை மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மவுசை அதன் மேல் வைக்கச் சொன்னது நான், பிறகு அதை எடுத்து ஒளித்ததும் நான் என்று சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"வாட்ச் விஷயம் எனக்குத் தெரியும்ணே" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கே எனக்குப் போன் போட்டுச் சிரிச்சான். 'பாஸே வழி சொல்லிக் குடுத்துட்டாரு அக்கா, இனிமே நான் தூங்கினாலும் பச்சைதான்'னான். ரொம்ப சந்தோஷமா இருந்தான்."

"தெரிஞ்சுமா நான் சொன்னதை நம்புனீங்க?"

"அதனாலதான் நம்புனேன்." அவள் குரல் உயரவில்லை. "சொல்லிக் குடுத்தவரே நீங்க. பச்சைன்னா ஒண்ணுமில்லன்னு உங்களைவிட யாருக்குத் தெரியும்? நீங்க நல்லா இருக்கான்னு சொன்னா, பேசிப் பார்த்துட்டுத்தான் சொல்றீங்கன்னு நினைச்சேன். கார்ல கூட்டிட்டுப் போக வந்த பையனையும் திருப்பி அனுப்பிட்டேன்."

  அவள் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன். அவள் என் காப்பிக் குவளையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு வந்தாள்.

"வந்ததுக்குப் பார்த்துட்டுப் போங்க" என்றாள்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்தான். மிகவும் இளைத்திருந்தான். முகத்தை நன்றாகச் சவரம் செய்து வைத்திருந்தாள். கண் மூடியிருந்தது. நான் பக்கத்தில் நின்று, "தம்பி, நான்தான்பா" என்றேன்.

கண் திறக்கவில்லை. வலது கை அசைந்தது. போர்வையின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து, மவுசை நகர்த்துவதுபோல் சிறிய வட்டமாக, முன்னும் பின்னும் நகர்த்தினான். ஆட்காட்டி விரல் அவ்வப்போது கீழே அழுத்தியது. மூச்சு வேகமானது. நெற்றியில் வியர்வை பூத்தது. கை நிற்கவில்லை. இன்னும் வேகமாக நகர்ந்தது.

அக்கா வந்து தன் கையை அவன் கையின் மேல் வைத்து மெதுவாக அழுத்தினாள். வெகுநேரம் கழித்துத்தான் அடங்கியது.

கூடத்துக்கு வந்ததும் சொன்னாள். "தினமும் காலையில இப்படித்தான்ணே. நீங்க போன்ல பேசுறப்ப. வேற யாரு பேசினாலும் இல்ல. உங்க குரலுக்கு மட்டும்தான். நீங்க வச்சப்புறமும் ரொம்ப நேரம் நிக்க மாட்டேங்குது. உங்க மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லாம இருந்தேன்."

"ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"சொல்றேன்ல இப்ப. இனிமே போன் பண்ணாதீங்கண்ணே. அவன் கொஞ்சம் ஓய்வா இருக்கட்டும்."

கடிகாரத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இதுவும் இங்க வேணாம்."

இப்போது இரண்டு கடிகாரங்களும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. மின்கலம் தீர்ந்து எப்போதோ நின்றுவிட்டன. காலையில் ரயில் நேரம் வரும்போது என் கை தானாகப் போனைத் தேடுகிறது. போனை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் பால்கனியில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். கீழே தண்டவாளத்தில் கிள்ளான் ரயில் போகும் சத்தம் கேட்கும். அது போய் முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருப்பேன். இந்நேரம் கிள்ளானில் அவன் கை போர்வையின் மேல் சும்மா கிடக்கும். என் குரல் கேட்காத வரைக்கும் அது அப்படியே கிடக்கும்.